தம்பிக்கு வீட்டை வாடகைக்கு விட்டேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

"நம்ம தம்பிதானே, ஒப்பந்தம் எதுக்கு" என்று சொன்னது நான்தான், அவன் இல்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். வெளி ஆளிடம் வாங்கியிருக்கக்கூடிய வாடகையில் கால்வாசியைக் குறைத்து, முன்பணமும் வாங்காமல் சாவியைக் கொடுத்தேன். 6 மாதம் தேதி தவறாமல் வந்தது. அப்புறம் ஒரு மாதம் 10 நாள் தள்ளி, அடுத்த மாதம் பாதி, அதற்கடுத்த மாதம் ஒன்றுமே இல்லை, ஆனால் குடும்ப வாட்ஸப் குழுவில் புது டிவியின் போட்டோ மட்டும் வந்தது. நானும் லைக் போட்டேன், வேறென்ன செய்ய.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நேரில் போனேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்து அலமாரிப் பலகை உப்பிப் போயிருந்தது, விரலை வைத்து அழுத்தினால் நனைந்த அட்டை மாதிரி உள்ளே போகிறது. எத்தனை நாளாக என்று கேட்டால், "உன்கிட்டதான் அப்பவே சொன்னேனே அண்ணா" என்கிறான். யோசித்துப் பார்த்தால் சொல்லித்தான் இருக்கிறான், குழந்தையின் பிறந்தநாளன்று, கேக் வெட்டுகிற சத்தத்தில். நான் வாடகையைக் கேட்டதும் அப்படித்தான், பாதி சிரிப்பும் பாதி பேச்சுமாக. அவன் காதிலும் விழுந்திருக்காது.

கடைசியில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். வாடகை, தேதி, எந்த ரிப்பேர் யார் செலவு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பாக்கியை 8 மாதத்தில் பிரித்துக் கட்டுவது. குழாயை மாற்றியது என் செலவு. அம்மாவுக்குத்தான் வருத்தம், "கூடப்பிறந்தவன்கிட்ட கையெழுத்தா" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

*

நான் மறுபக்கம், சித்தப்பா வீட்டில் குடியிருந்தவள். வாடகை ஒருநாள் தவறியதில்லை. ஆனால் அவரிடம் ஒரு சாவி இருக்கும், மணி அடிக்காமல் வந்துவிடுவார். தலையில் துண்டோடு நான் குளித்துவிட்டு வருகிறேன், ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! வெளி ஆளாக இருந்தால் ஒரே வார்த்தையில் கேட்டிருப்பேன். அவரிடம் எப்படிக் கேட்பது, 1 வருடத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். காரணம் இன்றுவரை அவருக்குத் தெரியாது.

*

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கையில் வாங்காமல் வங்கி வழியாகவே வாங்குங்கள், பிறகு "கொடுத்தேன், கொடுக்கலை" பேச்சு வராது. சந்தை வாடகையைவிட ரொம்பக் குறைத்து உறவுக்காரருக்கு விட்டால் சில நாடுகளில் வருமான வரியில் அந்த வீட்டுச் செலவுகளைக் கழிக்க முடியாது, முதலிலேயே விசாரியுங்கள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் வாடகைக்கு விடலாமா என்று கடன் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கலாம்.

*

சித்தப்பா கதையைப் படித்ததும் திக்கென்றது. என்னிடமும் ஒரு சாவி இருக்கிறது, கொடுத்துவிடலாம்தான், ஆனால் தம்பி இதுவரை 2 சாவி தொலைத்திருக்கிறான்.