கலைச்சொல் வேண்டும்: எல்லோருக்கும் அரசு தரும் அடிப்படை வருமானம்

சேலம், பொருளியல் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இளங்கலை மாணவர்களுக்குத் தமிழ்வழிப் பாடக்குறிப்பு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு தலைப்பில் நிற்கிறேன். ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல், வேலை செய்கிறாரா என்று கேட்காமல், ஒவ்வொருவருக்கும் அரசு மாதாமாதம் பணம் கொடுக்கும் ஏற்பாடு. ஆங்கிலத்தில் ‘யுனிவர்சல் பேசிக் இன்கம்’ (Universal Basic Income). பத்திரிகைகளில் ‘உலகளாவிய அடிப்படை வருமானம்’ என்று எழுதுகிறார்கள். வகுப்பில் அதைச் சொன்னதும் ஒரு மாணவி, “உலகம் முழுக்க யார் மேடம் கொடுப்பாங்க, ஐ.நா. சபையா?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். 2016 ஜூனில் சுவிட்சர்லாந்து இதற்கு வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. எல்லாமே ஒரு நாட்டுக்குள் நடப்பவை. ‘உலகளாவிய’ வேண்டாம். வேறு சொல் தாருங்கள்.

திருநெல்வேலி, தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு):

அம்மா, அடைமொழி இருக்கட்டும். வருமானத்தை முதலில் பார்ப்போம். வருவாய் என்ற தூய சொல் இருக்க வருமானம் எதற்கு? அதன் ஈற்றில் உள்ள ‘மானம்’ வடமொழி அளவைப் பெயர் என்பது என் துணிபு. வள்ளுவர் அதைவிடச் செறிவான சொல்லைத் தந்திருக்கிறார்: ‘ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை’ (478). ஆகு + ஆறு, பொருள் வரும் வழி, வினைத்தொகை. ‘பொது ஆகாறு’ என்று வையுங்கள். அது கடினம் என்றால் ஊதியம் இருக்கிறது. ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ (231) என்ற குறளில் ஊதியத்துக்குப் பேறு, ஆக்கம் என்றே பொருள், கூலி அன்று. ‘குடி ஊதியம்’ என்று வைக்கலாம்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கட்டுமானம், பெறுமானம், தேய்மானம் எல்லாமே தமிழ் வினையடியில் பிறந்தவை. அந்த ஈறு எங்கிருந்து வந்திருந்தாலும் இன்று நம்முடையது. அதே பாடக்குறிப்பில் தேய்மானம் என்று ஓர் இயலே இருக்குமே, அதையும் நீக்குவோமா? ஆகாறு என்றால் பிள்ளைகள் நதியைத் தேடுவார்கள்.

ஊதியத்துக்கு என் மறுப்பு இன்னும் வலுவானது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அது ஆக்கமாக இருந்திருக்கலாம். இன்று ‘குறைந்தபட்ச ஊதியம்’ என்றால் வேலைக்குக் கிடைப்பது. வேலையோடு முடிச்சுப் போடாமல் கொடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். பெயரிலேயே வேலையைத் திரும்பக் கொண்டுவந்தால் மாணவருக்கு முதல் வரியிலேயே குழப்பம். நான் ‘நிபந்தனையற்ற அடிப்படை வருமானம்’ என்பேன்.

சென்னை, அரசு மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தவர்:

ஊதியம் என்று வந்தால் அலுவலகத்தில் வேறு சிக்கலும் உண்டு. பணியிடை நீக்கம் செய்யப்பட்டவருக்குக் கொடுப்பது பிழைப்பூதியம். பக்கத்தில் குடி ஊதியம் என்று வைத்தால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடுவார்கள்.

‘அகவிலைப்படி’ வந்தபோதும் யாருக்கும் புரியாது என்றார்கள்; இன்று பேருந்து நடத்துநர் வரை சொல்கிறார். ஆகவே புதுச்சொல்லுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் நம் கண்முன்னே ஒரு சொல் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்துக்கு ‘கலைஞர் மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அதுவரை எல்லாமே உதவித்தொகை. உதவி என்றால் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. உரிமை என்றதும் வாங்குபவர் நிமிர்கிறார். அதற்கு வருமான வரம்பு, நில வரம்பு எல்லாம் உண்டு, எல்லோருக்குமானதல்ல. சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ‘பொது உரிமைத்தொகை’.

திருநெல்வேலி:

‘படி’ என்றதும் சொல்லத் தோன்றுகிறது. படி என்பது நெல் அளக்கும் கருவி. பழைய கூலி தானியத்தில்தான். சம்பளமும் சம்பா நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்தது.

கோவை:

ஐயா, சம்பளத்துக்கு அந்தப் பிரிப்பு நிற்காது. வழிச்சோறு என்ற பொருளில் சம்பலம் வடமொழியில் உண்டு. தனி இழையில் பேசுவோமே, ஆசிரியைக்கு வெள்ளிக்கிழமை கெடு.

யாழ்ப்பாணம், மொழி ஆசிரியர்:

பேராசிரியர் ஐயா சொன்ன ‘குடி’யை நான் ஏற்கமாட்டேன். இங்கே 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ‘குடிமக்கள்’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அலாஸ்கா 1982 முதல் எண்ணெய்ப் பணத்தில் ஆண்டுதோறும் பங்கு கொடுக்கிறது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது அந்த மாநிலத்தில் வசிக்கிறாரா என்பதை. வசிப்பவர் வேறு, குடிமகன் வேறு.

எங்களிடம் ‘கொடுப்பனவு’ என்ற சொல் புழக்கத்தில் உள்ளது. ஏழைக் குடும்பங்களுக்கு இலங்கை அரசு தரும் பணத்துக்கு முன்பு சமுர்த்திக் கொடுப்பனவு, இப்போது அஸ்வெசும கொடுப்பனவு என்று பெயர். 2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது பெயர் விடுபட்டவர்கள் அலுவலகங்களின் முன் திரண்டார்கள். யார் ஏழை என்று பட்டியல் போடும் திட்டம் எதிலும் இது நடக்கும். பட்டியலே இல்லாத திட்டம் என்பது கேட்டவுடன் தெரிய வேண்டும். ‘அனைவர்க்குமான கொடுப்பனவு’ சரியாக இருக்கும்.

திருநெல்வேலி:

கொடுப்பனவு! கொடுப்பன என்ற பலவின்பாலில் பிறந்த அருமையான ஆக்கம். நாம் இழந்ததை ஈழம் காத்து வைத்திருக்கிறது. குடியை விட்டுவிடுகிறேன். ஆகாற்றை விடவில்லை.

சேலம்:

எல்லோருக்கும் நன்றி. கொடுப்பனவு எனக்கும் பிடித்தது. என் மாணவர்களுக்குப் புதிது, விளக்க ஒரு பத்தி வேண்டும், இடமில்லை. ‘உரிமைத்தொகை’ என்று எழுதினால் அவர்கள் அம்மாவுக்கு வரும் ஆயிரம் ரூபாயைத்தான் நினைப்பார்கள். அதனால் ‘அனைவருக்குமான அடிப்படை வருமானம்’ என்று போடுகிறேன். பெரும்பாலோர் இதற்கு மறுப்பு சொல்லவில்லை.

கோவை:

நான் சொல்கிறேன். இந்தியாவில் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை போட்ட கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய். ஆனால் 75 விழுக்காட்டினருக்கு மட்டும். அதற்கும் இதே ஆங்கிலப் பெயர்தான். கால் பங்கு மக்களை விலக்கிவிட்டு ‘அனைவருக்குமான’ என்றால் சொல் பொய் சொல்கிறது. நிபந்தனையற்றது என்பதும் பெயரில் இல்லை. அடிக்குறிப்பிலாவது இரண்டையும் எழுதுங்கள் அம்மா.

சேலம்:

எழுதுகிறேன். அடுத்த பக்கத்தில் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1962இல் முன்வைத்த யோசனை வருகிறது: வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் வரித்துறையே பணம் கொடுக்கும். ‘எதிர்மறை வருமான வரி’ என்று எழுதலாமா? நாளை இரவுக்குள் சொல்லுங்கள்.

திருநெல்வேலி:

‘எதிர்மறை’ இலக்கணச் சொல், அங்கே பொருந்தாது. ‘வருவாய் மீள்வரி’ என்று எழுதுங்கள். முன்னதிலும் வருவாய் என்றே என் கருத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.