பி.ஆர். (வியாபாரப் பதிவு) இருக்கிற மா மில்லை பிரைவேட் லிமிடெட் ஆக்குறது எப்படி?

களுவாஞ்சி_மில்:

நானும் கூட்டாளியும் களுவாஞ்சிகுடியில அரிசிமா, மிளகாய்த்தூள் அரைச்சுப் பக்கற் போட்டு விக்கிறம். பிரதேச செயலகத்தில எடுத்த பி.ஆர். என்ட பேரில மட்டும் இருக்கு. வேலைக்கு நாலு பேர். கொழும்பு சுப்பர்மார்க்கெற் ஒண்டு, கம்பனியாப் பதிஞ்சாத்தான் சாமான் எடுப்பம் எண்டுது. பி.ஆரை அப்படியே கம்பனியா மாத்தலாமா? வீட்டு விலாசத்தைக் குடுக்கலாமா? பங்கை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாப் பிரச்சினை வருமா? விளக்கமாச் சொல்லுங்க.

செயலாளர்_மட்டுநகர்:

தம்பி, பி.ஆர். கம்பனியா மாறாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதியிறது சட்டத்துக்குப் புது ஆள். மில் மெசின், வாகனம், இருப்பு, கடன் எல்லாத்தையும் ஒரு திகதி குறிச்சு, பட்டியல் போட்டு, எழுத்தில கம்பனிக்கு மாத்தணும். பழைய பேரில நிக்கிற கடனைக் கம்பனி பொறுப்பெடுக்கிறதெண்டா, கடன் தந்தவர் சம்மதிக்கணும். இல்லாட்டி அது உங்கட தலையிலதான்.

பதிவுக்குக் கொழும்பு போகத் தேவையில்ல, கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தளத்திலயே முடியும். முதல்ல பேருக்கு அனுமதி எடுங்க. அதுக்குப் பிறகு விண்ணப்பம் படிவம் 1, ஒவ்வொரு பணிப்பாளரின் சம்மதம் படிவம் 18, கம்பனிச் செயலாளரின் சம்மதம் படிவம் 19, இதோட அமைப்பு விதிகள் (கம்பனியை நடத்துற உள்விதிகள்). தனியார் கம்பனிக்கு ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் இருந்தாப் போதும். பதிஞ்சு 30 வேலைநாளுக்குள்ள பேர், இலக்கம், விலாசத்தோட பொது அறிவித்தல் வரணும். இதைத் தவற விடுற ஆக்கள் கனபேர்.

நம்மட பக்கத்தில அடிக்கடி இடறுற இடம் ஆங்கில எழுத்து. பழைய அடையாள அட்டையில பேர் சிங்களத்திலயும் தமிழிலயும் மட்டும்தான் இருக்கும். படிவம் 1இல ஒரு மாதிரி, 18இல வேறொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில மூண்டாவது மாதிரி எழுதிப் போட்டா, கணக்குத் திறக்கப் போகக்குள்ள வங்கி திருப்பி அனுப்பும். கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்போ, ஏதாவது ஒண்டைப் பார்த்து எல்லாத்திலயும் ஒரே எழுத்துக்கூட்டலைப் போடுங்க.

வீட்டு விலாசம் குடுக்கலாம், தடையில்ல. ஆனா சட்டக் கடிதம் எல்லாம் அங்கதான் வரும். 'கோயிலடி வீதி' எண்டு இலக்கமில்லாத விலாசத்தைப் போட்டுப் பதிவுத் தபால் திரும்பிப் போனா, 'எனக்குக் கிடைக்கல்ல' எண்ட கதை எடுபடாது. பிரதேச சபையில வீட்டுக்கான வரி மதிப்பீட்டு இலக்கம் கேட்டு எடுத்து விலாசத்தில போடுங்க. பிறகு விலாசம் மாறினா படிவம் 13. பணிப்பாளரோ செயலாளரோ மாறினா 20 வேலைநாளுக்குள்ள படிவம் 20.

கணக்கு_கல்முனை:

மூலதனத்தில கவனம். இப்போதைய சட்டத்தில பங்குக்கு முகப்பெறுமதி (பங்கில குறிச்ச நிலையான விலை) இல்ல. பங்குக்காகக் குடுத்ததுதான் 'கூறப்பட்ட மூலதனம்', அதை நினைச்ச நேரம் திருப்பி எடுக்க ஏலாது. பங்குலாபம் குடுக்கிறதெண்டா இரண்டைக் காட்டணும்: தவணை வந்த கடனை அந்தந்த நேரம் கட்ட ஏலும், சொத்தின் பெறுமதி கடனையும் கூறப்பட்ட மூலதனத்தையும் கூட்டி வாற தொகையை விடக் கூட.

20 இலட்சத்துக்கு மெசினைப் பங்காப் போட்டா மூலதனம் 20 இலட்சம். நட்டத்தில தேறிய சொத்து (சொத்தில கடனைக் கழிச்சது) மூலதனத்தில பாதியான 10 இலட்சத்துக்குக் கீழ இறங்கினது தெரிய வந்தா, 20 வேலைநாளுக்குள்ள பணிப்பாளர் சபை பங்குதாரர் கூட்டத்தைக் கூப்பிடணும். அதால, மெசினைப் பங்காவும், நெல்லு, மிளகாய் வாங்கப் போடுற காசை நீங்க கம்பனிக்குக் குடுக்கிற பணிப்பாளர் கடனாவும் வைக்கிறது நல்லது. கடனுக்குத் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வைங்க. இல்லாட்டி இறைவரியில 'இந்தக் காசு எங்கால வந்தது?' எண்டு கேட்கக்குள்ள காட்ட ஒண்டும் இருக்காது.

மேசை லாச்சிக் காசை எடுத்து வீட்டுக்கு அரிசி வாங்கிற பழக்கம் பதிவோட நிக்கணும். கம்பனிக் காசு உங்கட காசில்ல. மாதச் சம்பளம் வைங்க, அதுக்கு மேல எடுக்கிறதெல்லாம் கடன் கணக்கில விழணும்.

ஊழியர் நாலு பேருக்கும் சேமலாப நிதி ஊழியர் 8, முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதியம் 3 வீதம். அடுத்த மாதம் முடியிறதுக்குள்ள கட்டணும், பிந்தினா மேலதிகக் கட்டணம் ஏறும். பி.ஆர். பேரில இருக்கிற இலக்கத்தோட ஓட்டாதீங்க, கம்பனிக்குப் புது இலக்கம் எடுங்க.

வருமான வரிக்குக் கம்பனியின் பேரில டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கம் எடுக்கணும். வரியாண்டு ஏப்ரல் 1 தொடக்கம் மார்ச் 31. நாலு தவணை முற்கொடுப்பனவு ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15, மிச்சம் செப்டெம்பர் 30, விவரத்திரட்டு நவம்பர் 30. லாபம் இல்லாட்டியும் திரட்டு போடணும்.

சந்தை_அக்கரைப்பற்று:

உணவுச் சாமான் எண்டதால இன்னொண்டு. பக்கற்றில உற்பத்தியாளர் பேரும் விலாசமும் இருக்கு. கம்பனி பேர் மாறினா அச்சடிச்ச பொலித்தீன் உருளை முழுக்கப் பழசாகும். பேர் அனுமதி வரும் முன்னமே புதுசா அடிக்கக் குடுக்காதீங்க, அனுமதி வந்த கையோட பழைய உருளையின் இருப்பை எண்ணிப் பாருங்க. பார்கோடு, பிரதேச சபை உரிமம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பதிவு, எல்லாம் தனித்தனியா மாறணும். வியாபாரக் குறிக்குக் கம்பனிப் பதிவு காவல் இல்ல, அது புலமைச் சொத்து அலுவலகத்தில வேற விண்ணப்பம்.

களுவாஞ்சி_மில்:

நல்ல விளக்கம், நன்றி அண்ணே. பாதிப் பாதி பற்றி யாரும் சொல்லல்லயே?

செயலாளர்_மட்டுநகர்:

சாதாரண தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல வாக்கு வேணும், அமைப்பு விதியை மாத்துறது போல விசேட தீர்மானத்துக்கு 75 வீதம். 50-50 எண்டா ஒரு ஆள் 'இல்ல' எண்டதும் எல்லாம் நிக்கும். 60-40 ஆக்கினாலும் அமைப்பு விதியை மாத்த இரண்டு பேரும் வேணும், அன்றாட முடிவு மட்டும் நகரும். 50-50தான் விருப்பமெண்டா அமைப்பு விதியில மூண்டு விசயத்தை எழுதுங்க: வாக்கு சமமா நிண்டா தலைவருக்கு மேலதிக வாக்கு இருக்கா, ஒரு ஆள் விலகினா மற்றவருக்கு முதல் வாங்கும் உரிமை, அந்த விலையைக் குறிக்கிறது ஆர். சட்டத்தில இருக்கிற மாதிரி விதிகளை அப்படியே எடுத்துப் போட்டா, பிரிவு வாற நாளில விலைக்குத்தான் சண்டை வரும்.

வங்கிக் கடனையும் யோசிங்க. சின்னக் கம்பனிக்கு வங்கி பணிப்பாளரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கும். கையெழுத்து வச்சா அந்தக் கடனுக்கு 'லிமிடெட்' பாதுகாப்பு இல்ல, வீடும் வளவும் அதுக்குள்ள வரும். இரண்டு பேரும் வைக்கிறீங்களா, ஒரு ஆளா எண்டதை இப்பவே எழுதி வைங்க.

கம்பனிச் செயலாளரோட பேசக்குள்ள வருடக் கட்டணத்தில படிவம் 15 வருடாந்தத் திரட்டும் கூட்டக் குறிப்பும் அடங்குதா எண்டு கேளுங்க. முதல் வருடாந்தக் கூட்டம் பதிஞ்சு 18 மாதத்துக்குள்ள. மில்லை நிறுத்தினாலும் பதிவேட்டில இருந்து பேரை நீக்கும் வரைக்கும் திரட்டுப் போடுற கடமை நிக்காது.