பிரஷ்யன் புளூ ஸ்ட்ரிப்: ஒவ்வொரு ஸ்கேனிலும் பீக் குறைகிறது, அவசரம்

கார்பன்_கோடு: வணக்கம். குளுக்கோஸ் சென்சார் புராஜெக்ட். பிரஷ்யன் புளூ (இரும்புச் சேர்ம நீல நிறமி) கலந்த கார்பன் மையில் அச்சிட்ட ஸ்ட்ரிப், மேலே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம். கையடக்க பொட்டன்ஷியோஸ்டாட்டில் (வோல்டேஜ் கொடுத்து மின்னோட்டம் அளக்கும் கருவி) சிவி, அதாவது வோல்டேஜை ஏற்றி இறக்கும் ஸ்கேன், ஓட்டினால் ஸ்கேனுக்கு ஸ்கேன் மின்னோட்ட பீக் சின்னதாகிறது, இடமும் நகர்கிறது. நாளை ரிவ்யூ, யாராவது சொல்லுங்கள்.

துளி: எந்த பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்)? பிஎச் என்ன? எதுவுமே சொல்லவில்லையே.

வெள்ளித்தடம்: ஸ்ட்ரிப்பில் விடும் பஃபர் சொட்டு மூன்று எலக்ட்ரோடையும் மூடுகிறதா? கனெக்டர் பக்கம் கசிந்து வெள்ளித் தடத்தில் பட்டால் பீக் தாறுமாறாகத்தான் வரும்.

மைக்காரர்: மை சரியாகக் காயவில்லை, பைண்டர் (மையை ஒட்டவைக்கும் பொருள்) மேலே படிந்திருக்கும். நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் சில ஸ்கேன் ஓட்டுங்கள்.

துளி: என்சைம் போட்ட ஸ்ட்ரிப்பையா? அமிலத்தில் என்சைம் கெட்டுப்போகுமே, நல்லா இருக்கு.

பழைய_கை: தம்பி, ஸ்ட்ரிப்பில் இருப்பது முழு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு (மற்ற வோல்டேஜை ஒப்பிட்டு அளக்கும் நிலையான முனை) இல்லை, வெறும் வெள்ளி, வெள்ளி குளோரைடு பூச்சு. பஃபரில் இருக்கும் குளோரைடுதான் அதன் வோல்டேஜைத் தீர்மானிக்கும், குளோரைடு செறிவு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் தள்ளிப்போகும். அடிப்படைப் பாடம். இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது?

கார்பன்_கோடு: பஃபர் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7.4. வேறெதுவும் சேர்க்கவில்லை. ஒரே ஸ்ட்ரிப்பைக் கழுவிக் கழுவி ஓட்டுகிறேன், அது பிரச்சினையா?

துளி: அப்படியானால் இரண்டு கோளாறு. குளோரைடு இல்லாததால் ரெஃபரன்ஸ் ஓரிடத்தில் நிற்காது, பீக் நகர்வது அதனால். பிரஷ்யன் புளூ ஒடுக்கம் அடையும்போது (எலக்ட்ரான் ஏற்கும்போது) பொட்டாசியம் அயனி அதன் கூண்டுக்குள் போக வேண்டும், சோடியம் எளிதில் நுழையாது, பீக் தேய்வது அதனால். 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் இரண்டுக்கும் ஆச்சு. அப்புறம் பிஎச் 7.4 பிரஷ்யன் புளூவுக்குக் கொஞ்சம் அதிகம், ஹைட்ராக்சைடு அதை மெல்லக் கரைத்துவிடும். 6 பக்கம் இறக்குங்கள், என்சைமும் அங்கே நன்றாகவே வேலை செய்யும்.

மைக்காரர்: கழுவி ஓட்டுவதா? 1987இல் எக்ஸாக்டெக் பேனா வடிவ குளுக்கோஸ் மீட்டர் வந்த காலத்திலிருந்தே ஸ்ட்ரிப் ஒரு துளிக்கு ஒன்றுதான்.

வெள்ளித்தடம்: அது ரத்தத்துக்கு. பஃபரில் சோதிக்கிறவர் ஒவ்வொரு சிவிக்கும் ஒன்றைத் தூக்கிப் போட்டால் புராஜெக்ட் பணம் என்னாவது?

மைக்காரர்: ஒவ்வொரு கழுவலிலும் என்சைம் கொஞ்சம் போகும். அப்படி எடுத்த காலிப்ரேஷன் (அளவுத்திருத்த) கோட்டை நான் நம்ப மாட்டேன்.

பழைய_கை: கழுவி ஓட்டும் விவாதத்துக்கு இங்கே தனி இழை ஏற்கெனவே இருக்கிறது.

கார்பன்_கோடு: பொட்டாசியம் குளோரைடு சேர்த்தேன், பீக் நகரவில்லை. உயரம் லேசாகக் குறைகிறது, பிஎச் மாற்ற நேரமில்லை. நன்றி.

வெள்ளித்தடம்: கனெக்டரையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.