ஹாட் ஹேட்ச் (வேகமான சின்னக் கார்) உயரம் இறக்கினவங்க அனுபவம் சொல்லுங்க: ஸ்பிரிங் மாத்தின பிறகு ஹேண்ட்லிங் எப்படி?

மர்பிடவுன்_ஜிடி

போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2. ஸ்பிரிங் மட்டும் மாத்தியிருக்கு, 35 மி.மீ. இறக்கம். ஷாக் அப்சார்பர் கம்பெனியில வந்ததேதான். விலை, பிராண்ட் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஒரே ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

நைஸ் ரோட்ல இருந்து கனகபுரா ரோட்டுக்கு இறங்குற வளைவு. ராத்திரி நேரம், ரோடு காலி. இடது பக்கம் திரும்பும்போது வண்டி அருமையா உட்கார்ந்து போச்சு, ஸ்டீயரிங் முன்ன விட கூர்மை. வளைவுக்கு நடுவுல தார் ஒட்டுப் போட்ட ஒரு மேடு இருக்கு. பழைய ஸ்பிரிங்ல அது அங்க இருக்கிறதே தெரியாது. இந்தத் தடவை பின்னாடி வலது பக்கம் உலக்கையால இடிச்ச மாதிரி ஒரு சத்தம். உடனே வண்டியோட பின்பக்கம் துள்ளி வெளிப்பக்கமா நகர்ந்து உட்கார்ந்துச்சு. ஈஎஸ்பி (வண்டி வழுக்காம காக்கிற சிஸ்டம்) லைட் மின்னி அணைஞ்சுது. பக்கத்துல தங்கச்சி, "அண்ணா, என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல.

போட்டுக் கொடுத்த கடையில, "புது ஸ்பிரிங் சார், செட்டில் ஆனா சரியாயிடும்"னு சொல்றாங்க. யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

தேள்145

செட்டில் ஆனா இன்னும் கொஞ்சம் இறங்கும். சக்கரம் மேல ஏற மிச்சம் இருக்கிற டிராவலும் குறையும். அது எப்படி சரியாகும்? அந்தப் பேச்சை நம்பாதீங்க ப்ரோ.

என் வண்டி அபார்த் புன்டோ. 1.4 டி-ஜெட், 145 குதிரை, கம்பெனியே இறக்கி 155 மி.மீ.ல கொடுத்தது. அதுக்கு மேல கொஞ்சம் இறக்கினேன். எனக்கு மறக்காத காட்சி ரோட்ல இல்ல, ஒர்க்‌ஷாப் லிஃப்ட்ல. சக்கரம் நாலும் தொங்கிட்டு இருக்கு, மெக்கானிக் லோயர் ஆர்ம் (சக்கரத்தை பாடியோட இணைக்கிற கீழ்க் கை) போல்ட்டை இம்பேக்ட் கன்னால டைட் வச்சுட்டு இருந்தாரு.

"அண்ணே, வண்டி கீழ நிக்கட்டும், அப்புறம் ஃபுல் டைட் வைங்க."

"எங்க வச்சாலும் டைட் டைட்தான் தம்பி."

சாக்பீஸ் வாங்கி, ஆர்ம் மாட்டுற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ்ஷோட நடு ஸ்லீவ்ல இருந்து ரப்பர் வழியா ஆர்ம் வரைக்கும் நேரா ஒரு கோடு போட்டேன். "இப்ப இறக்குங்கண்ணே"ன்னு சொன்னேன். வண்டி தன் எடையில உட்கார்ந்ததும் கோடு ஸ்லீவ்ல ஒரு பக்கம், ஆர்ம்ல வேற பக்கம், நடுவுல ரப்பர் முறுக்கிட்டு நிக்குது. குனிஞ்சு பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல. ஸ்பேனர் எடுத்து போல்ட்டை லூஸ் பண்ணதும் டப்புனு ஒரு சத்தம், ஆர்ம் தன் இடத்துக்கு வந்துச்சு.

அந்த முறுக்கோடவே ஓட்டினா ரப்பரே ஒரு ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து நிக்கும், வண்டி கோணலா உட்காரும், புஷ் சீக்கிரம் கிழியும். அப்புறம் "ஸ்பிரிங் மட்டம்"னு பழி ஸ்பிரிங் மேல போகும். மர்பி டவுன் ப்ரோ, உங்க கடையில போல்ட் எங்க வச்சு டைட் பண்ணாங்கன்னு கேளுங்க.

ஹலசூரு_ஆர்எஸ்

தேள் சொன்னது சரி, ஆனா இவர் கேட்டதுக்கு அது பதில் இல்ல. புஷ் முறுக்கினதால வளைவுல வண்டி துள்ளாது. அவர் வண்டி பம்ப் ஸ்டாப்ல (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினா முட்டி நிக்கிற ரப்பர் கட்டை) உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

என் பெலினோ ஆர்எஸ் கதை சின்னது. இறக்கின பிறகு அலைன்மென்ட்டுக்காக லிஃப்ட்ல தூக்கினாங்க. பின் சக்கரம் தொங்குது, சும்மா கையை வச்சு ஸ்பிரிங்கைத் திருப்பினேன், அது பாட்டுக்கு சுத்துது. ஸ்பிரிங் மேல முட்டுற தட்டுக்கும் காயிலுக்கும் நடுவுல விரல் போகுது. ஒரு பெரிய பள்ளத்துல சக்கரம் முழுசா தொங்கினா ஸ்பிரிங் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் குட்டை, ஷாக் பழைய நீளம், அதான் காரணம். அன்னைக்கே ஸ்டாக் ஸ்பிரிங்குக்கு மாத்திட்டுதான் வண்டியை வெளிய எடுத்தேன்.

இனி இறக்கப் போறவங்களுக்கு சொல்றேன், யாரும் கேட்கலைன்னாலும் பரவாயில்ல.

35 மி.மீ. இறக்கினா சக்கரம் மேல ஏறுறதுக்கு இருந்த இடத்துல 35 போச்சு. வளைவுல வெளிப்பக்க ஸ்பிரிங் ஏற்கனவே பாதி அமுங்கி இருக்கும். அப்போ ஒரு மேடு வந்தா நேரா பம்ப் ஸ்டாப். அதைத் தொட்டதும் சஸ்பென்ஷன் திடீர்னு பல மடங்கு கெட்டியாயிடும், அந்த டயர் பிடி விடும். பின்னாடி நடந்தா வால் வெளிய போகும், முன்னாடி நடந்தா வண்டி திரும்பாம நேரா போகும். அதனால ஸ்பிரிங் கூட வர்ற தாளைப் படிங்க. பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்டணும், இல்ல குட்டையானது போடணுமான்னு அதுல இருக்கும்.

ரெண்டாவது ஷாக். கெட்டி ஸ்பிரிங் திரும்பி வர்ற வேகத்தை அடக்க பழைய ஷாக்குக்குத் தெம்பு பத்தாது. அம்பதாயிரம் கி.மீ. ஓடின ஷாக்னா கேட்கவே வேணாம். பில்ஸ்டீன்னு ஷாக் செய்யுற கம்பெனியில பி6 வண்டியோட ஒரிஜினல் ஹைட்டுக்கு, பி8 இறக்கின வண்டிக்குன்னு குட்டையா செஞ்சது. அப்படித் தனியா செய்யுறதுக்குக் காரணமே நான் விரலை விட்டுப் பார்த்த அந்த இடைவெளிதான்.

மூணாவது, இதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. இறக்கினா எப்பவும் சாய்வு குறையும்னு கிடையாது. மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா நிக்கிற முன் சஸ்பென்ஷன்) வண்டியில லோயர் ஆர்மோட வெளிமுனை கொஞ்சம் கீழ பார்த்து இருக்கணும். ரொம்ப இறக்கினா அது மேல ஏறிடும். அப்போ பாடி இறங்கினதை விட ரோல் சென்டர் (வளைவுல பாடி எதைச் சுத்திச் சாயுதோ அந்த மையம்) அதிகமா கீழ போகும். பாடியோட எடை மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்பு. அது நீளமாச்சுன்னா, ஸ்பிரிங் அதுக்கேத்த கெட்டியா இல்லாட்டி, வண்டி முன்ன விட அதிகமா சாயும். டை ராட் (ஸ்டீயரிங்கை சக்கரத்தோட இணைக்கிற கம்பி) கோணமும் மாறுறதால மேட்டுல ஸ்டீயரிங் தானா இழுக்கும். நம்ம ரோட்டுக்கு 20, 25 போதும்.

அளக்கும்போது தரையில இருந்து அளக்காதீங்க, டயர் காத்து மாறினா கணக்கு மாறும். ஹப் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளங்க, மாத்துறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க. சில நூறு கி.மீ. ஓட்டின பிறகு அலைன்மென்ட். முன்னாடி டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கிற கோணம்) கட்டாயம் மாறியிருக்கும். "மெஷின்ல பச்சை வந்துடுச்சு சார்"னு சொன்னா விடாதீங்க, பிரின்ட் கேளுங்க.

காக்ஸ்டவுன்_என்லைன்

எல்லாரும் வளைவைப் பத்தியே பேசுறீங்க. பெங்களூர்ல ஒரு நாள்ல எத்தனை வளைவு வருது, எத்தனை ஹம்ப் வருது?

ஐ20 என் லைன், 30 இறக்கினேன். தனியா ஓட்டினவரைக்கும் சந்தோஷம். ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா, அம்மா, அத்தை மூணு பேரையும் ஏத்திட்டு ஹலசூரு ஏரிப் பக்கம் போறேன். ஒரு ஹம்ப்ல முன் சக்கரம் ஏறி இறங்கிடுச்சு, வயிறு உட்கார்ந்து தேய்ச்ச சத்தம். கூடவே அப்பா, "அய்யோ, இடுப்பு"ன்னு கண்ணாடியில தெரியுற மாதிரி முகத்தைச் சுருக்கினாரு. அவருக்கு டிஸ்க் பிரச்சினை. அந்த முகம்தான் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்ற ஹம்ப் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்துல தாண்டுற மாதிரி. அதுல எந்த வண்டியும் தேய்க்காது. நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா கொட்டி வைக்கிறது அதே உயரத்துல கால்வாசி அகலம்கூட இருக்காது. ஸ்டாக் ஸ்பிரிங் திரும்பப் போட்டுட்டேன். வீட்ல பெரியவங்க இருந்தா இந்த ஆசை வேணாம்னுதான் சொல்லுவேன்.

எழுபது_வளைவு

காக்ஸ் டவுன் அண்ணா, அப்பாவுக்காக மாத்தினீங்க, அது நியாயம். ஆனா யாருமே இறக்காதீங்கன்னு சொல்றதை ஏத்துக்க மாட்டேன். என் போலோவுல 25 இறக்கம், அதுக்கேத்த குட்டை ஷாக், அதை மேல பிடிக்கிற டாப் மவுண்ட்டும் புதுசு. எங்க ஊர் நாமக்கல், கொல்லிமலையோட 70 கொண்டை ஊசியும் ஏறி இறங்கியிருக்கேன். கம்பெனி செட்டப்பை விட வண்டி நிதானமா இருக்கு, அம்மா பின் சீட்ல தூங்கிட்டே வர்றாங்க. 30 மி.மீ. மட்டும் உங்க பிரச்சினை இல்ல. நாலு பேர் எடைக்கு அந்த ஸ்பிரிங் கெட்டி பத்தல.

ஹலசூரு அண்ணா ஒண்ணு விட்டுட்டாரு. போலோவுக்குப் பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஒரே உத்திரம்), அங்க கேம்பர் (சக்கரம் சாய்ஞ்சு நிக்கிற கோணம்), டோ ரெண்டும் திருகி மாத்த முடியாது, ஷிம்னு மெல்லிய தகடு வச்சாத்தான் உண்டு. பின் ரீடிங் கோணலா வந்தா ஸ்பிரிங்கைத் திட்டாதீங்க, முன்னாடியே பீம் அடி வாங்கியிருக்கலாம்.

பழைய ஸ்பிரிங்கைக் காயலான் கடையில போட்டுடாதீங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, திரும்பப் போட வேண்டி வரலாம். 2019 திருத்தத்துல வந்த 182ஏ-ல மாற்றம் ஒண்ணுக்கு 5000 ரூபாய் அபராதம். வெட்டின காயில், சூடு காட்டி உட்கார வச்ச காயில் பக்கமே போகாதீங்க, அது தனி இழை போட்டுப் பேச வேண்டிய விஷயம்.

மர்பி டவுன் ப்ரோ, பின் பம்ப் ஸ்டாப்பை போட்டோ எடுத்துப் போடுங்க. நுனி நசுங்கி ரப்பர் பளபளன்னு தேய்ஞ்சிருந்தா அந்த ராத்திரி மட்டும் இல்ல, தினமும் அதுலதான் ஓடிட்டு இருக்கு. ஷாக் மாத்துற வரைக்கும் அந்த வளைவுல மெதுவா போங்க.