ஒன் பாக்கெட் பிரேக்: பந்தெல்லாம் எதிராளி பக்கமே போகிறது, யாராவது சொல்லுங்கள்

ஹூஸ்டன்காரன்:
அவசரமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். இன்று இரவு 9 மணிக்கு மறுபடி ஆட்டம். ஒன் பாக்கெட் என்கிற பூல் ஆட்டத்தில் என் பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) சுத்தமாக எடுபடவில்லை. நான் அடித்ததும் எதிரில் இருக்கும் பெரியவர் வந்து இரண்டு மூன்று பந்து போட்டுவிடுகிறார், அப்புறம் நான் நாற்காலியில் வேடிக்கைதான். மெதுவாக அடித்தேன், வேகமாக அடித்தேன், கியூ (ஆடும் கோல்) நுனியில் இருக்கும் டிப்பை மாற்றினேன். மூன்று வாரமாக இருபது இருபது டாலராகப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே தப்பு?

மூணுகுஷன்:
டேபிள் 9 அடியா, 7 அடியா? துணி புதுசா, தேய்ந்ததா? உங்களுடையது எந்தப் பாக்கெட்? வெள்ளைப் பந்தை எங்கே வைக்கிறீர்கள்? அடித்த பிறகு வெள்ளை எங்கே போய் நிற்கிறது? டிப் மாற்றியதைச் சொன்னீர்கள், இது ஒன்றையும் சொல்லவில்லை.

ஸ்ட்ரைக்கர்சாமி:
ஒன் பாக்கெட் என்றால் எல்லாப் பந்தையும் ஒரே பாக்கெட்டிலா போட வேண்டும்? எனக்குக் கேரம்தான் தெரியும். கேரமில் நடுவில் பளாரென்று அடித்து உடைத்தால்தான் நமக்கு வழி கிடைக்கும். அதையே செய்து பாருங்களேன்.

மூணுகுஷன்:
சாமி, இதில் அது தற்கொலை. ரேக் (முக்கோணமாக அடுக்கிய பந்துகள்) இருக்கும் பக்கத்து இரண்டு மூலைப் பாக்கெட்டில் ஆளுக்கு ஒன்று. 15 பந்தில் முதலில் 8 போடுபவர் ஜெயிப்பார். எந்தப் பந்து, எந்த வரிசை என்று கணக்கில்லை, உன் பாக்கெட்டில் விழுந்தால் உனக்கு, அவர் பாக்கெட்டில் விழுந்தால் அவருக்கு. உடைத்துச் சிதறவிட்டால் பாதிப் பந்து அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழையகியூ:
இந்தக் கேள்வி வருஷத்துக்கு நான்கு தடவை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, கடைசியாக ஒருமுறை எழுதுகிறேன், தம்பி கவனமாகப் படிக்கவும்.

ஒன் பாக்கெட்டில் பிரேக் என்பது உடைப்பது இல்லை, தள்ளிவைப்பது. உங்கள் பாக்கெட் வலது மூலை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையை இடது பக்கம், ஹெட் ஸ்பாட்டுக்கும் (ரேக்குக்கு எதிர்முனையான தலைப்பக்கத்தின் நடுப் புள்ளி) பக்கவாட்டுக் குஷனுக்கும் நடுவில் வைக்க வேண்டும். ரேக்கின் தலைப் பந்தை இடது ஓரத்தில் உரசிக்கொண்டு, அதற்குப் பின்னால் இடது பக்கம் இருக்கும் இரண்டாவது வரிசைப் பந்தில் போய் விழ வேண்டும். தள்ளுகிற விசை முழுக்க வலது பக்கம், அதாவது உங்கள் பாக்கெட் பக்கம் போகும். வெள்ளை இடது பக்கம் விலகி, அடிக் குஷனை (ரேக்குக்குப் பின்னால் இருப்பது) தொட்டு, இடது நீளக் குஷனில் ஒட்டி நின்றால் வேலை முடிந்தது. எதிராளியின் பாக்கெட் வெள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் பந்துகள் எதிர்ப்பக்கத்தில். அங்கிருந்து தன் பாக்கெட்டுக்குத் திருப்ப அவருக்குக் கோணம் வராது. போதாததற்குக் குஷனில் ஒட்டிய வெள்ளையின் மேல் பாதியைத்தான் அடிக்க முடியும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் டிப் மாற்றுவது, துணி மாற்றுவது எல்லாம் கடைக்காரனுக்கு லாபம்.

ரேக்புலி:
பழையகியூ சொல்வது சரிதான், ஆனால் ரேக்கை யாரும் பார்ப்பதில்லை. மர முக்கோணத்தில் அடுக்கினால் தலைப் பந்துக்கும் இரண்டாவது வரிசைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். அந்த இடைவெளி ஒன்று போதும், நீங்கள் எவ்வளவு அழகாக அடித்தாலும் பந்து நினைத்த பக்கம் போகாது. பந்துகளுக்கு அடியில் விரிக்கிற மெல்லிய தாள் ரேக் வாங்குங்கள். பெரியவர் அடுக்கும்போது குனிந்து பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு கோளாறு ரேக்கில்தான்.

மயிலாப்பூர்பாட்:
நான் ஸ்னூக்கர் ஆள். எங்களுக்கும் 15 சிவப்புப் பந்து, முக்கோணம், மெல்லிய பிரேக் எல்லாம் உண்டு. பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வெள்ளையை வைத்து, வலது ஓரக் கடைசிச் சிவப்பை உரசி, வலது சைடு (வெள்ளையின் ஓரத்தில் அடித்துச் சுழலவிடுவது) கொடுத்தால் மேல் குஷன், பக்கக் குஷன் என்று சுற்றி பாக்கெட்டெல்லாம் தப்பி அடித்த பக்கமே (பாக் என்போம்) வந்து நிற்கும். அதையே செய்யலாமே? சைடு கொடுக்கிறீர்களா?

பழையகியூ:
அதற்குப் பெயர் இங்கிலீஷ். அமெரிக்காவில் யாரும் சைடு என்று சொல்வதில்லை. இதில் வெள்ளை தலைப்பக்கம் திரும்பி வரவே தேவையில்லை, வந்தால் எதிராளிக்கு டேபிள் முழுக்கத் திறந்துவிடும்.

மயிலாப்பூர்பாட்:
இங்கிலாந்திலேயே அதற்குச் சைடு என்றுதான் பெயர். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் காட்டிக்கொடுத்ததால் அமெரிக்கர்கள் வைத்த பெயர் இங்கிலீஷ் என்பார்கள். இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் தெரியாது என்கிறீர்களா?

பழையகியூ:
டேபிள் எங்கே இருக்கிறதோ அங்கத்திய வார்த்தை. 52.5 மில்லிமீட்டர் பந்தில் ஆடிய பழக்கத்தை 57 மில்லிமீட்டர் பந்துக்குக் கொண்டுவராதீர்கள், தொடுகிற தடிமனே மாறும்.

மயிலாப்பூர்பாட்:
நாலரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு தலைக்கனமா?

மூணுகுஷன்:
இருவரும் வேறு இழை திறந்து சண்டை போடுங்கள். கேட்டவருக்குச் சுருக்கமாக: மேலே சொன்ன அமைப்பில் இடது சைடு (இங்கிலீஷ், எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள்) கொடுத்தால் அடிக் குஷனில் வெள்ளை இன்னும் இடது பக்கம் விரியும், பிறகு நீளக் குஷனில் பட்டு மேலே ஓடும். அதிகமானால் பாதி டேபிள் தாண்டிப் போய்விடும். முதலில் சைடே இல்லாமல் 30 தடவை அடித்து, வெள்ளை எங்கே நிற்கிறது என்று சாக்கால் குறி வையுங்கள். கூட்டுவதும் குறைப்பதும் அப்புறம். தலைப் பந்தைத் தொடாமல் போனால் வெள்ளை எதிராளி பாக்கெட்டிலேயே விழும் ஆபத்து உண்டு. விழுந்தால் ஃபவுல், ஒரு பந்து கடன் (போடுவதில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும்), அவருக்குப் பந்து கையில் (வெள்ளையை அவரே எடுத்து வைத்து அடிப்பார்).

நடுராத்திரி:
டெர்பி சிட்டி கிளாசிக்கின் பழைய ஆட்டங்களை யூடியூபில் பாருங்கள். 1999 முதல் நடக்கும் போட்டி, ஒன் பாக்கெட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் அதைப் பல தடவை வென்றவர். சத்தத்தை அணைத்துவிட்டு வெள்ளை எங்கே வைக்கப்படுகிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பந்து போடுவதைப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள், ஒன்றும் கற்க மாட்டீர்கள்.

ஹூஸ்டன்காரன்:
நன்றி நண்பர்களே. டேபிள் 9 அடி, துணி நன்றாகத்தான் இருக்கிறது. என் பாக்கெட் வலது. வெள்ளையை வலது பக்கம்தான் வைக்கிறேன், ஏனென்றால் தலைப்பக்கம் இடது மூலையில் ஒரு தூண் இருக்கிறது, கியூ பின்னால் இடிக்கும். சொல்ல மறந்தது: பெரியவர் எனக்கு 9-7 கொடுக்கிறார், அவருக்கு 9 வேண்டும், எனக்கு 7 போதும். அப்படியும் தோற்கிறேன்.

மூணுகுஷன்:
வலது பாக்கெட்டுக்கு வலது பக்கத்திலிருந்தா?! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் தாள் ரேக்கும் சைடும் தேவையே இல்லை. வலது பக்கத்திலிருந்து தலைப் பந்தின் வலது ஓரத்தைத் தொட்டால் விசை இடது பக்கம் போகும். அது யார் பாக்கெட்? நீங்கள் மூன்று வாரமாக அவருக்குப் பிரேக் அடித்துக்கொடுக்கிறீர்கள்.

ஹூஸ்டன்காரன்:
ஆனால் தூண் இருக்கிறதே.

பழையகியூ:
தூண் எங்கேயும் போகாது. பாக்கெட்டை மாற்றுங்கள். பிரேக் அடிப்பவர்தான் தன் பாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பார். இது அடிப்படை விதி, பிரேக் அடிக்கும் முன் விதியைப் படித்திருக்கலாம்.

ஹூஸ்டன்காரன்:
அப்படியா? முதல் நாளிலேயே அவர் ‘உனக்கு வலது’ என்று சொல்லிவிட்டார். மாற்றி மாற்றித்தான் பிரேக் அடிக்கிறோம், அவர் அடிக்கும்போதும் இடதுதான் எடுத்துக்கொள்வார். நான் அது அந்த ஹாலின் வழக்கம் என்று நினைத்தேன்.

மூணுகுஷன்:
அவரும் தூண் இல்லாத வலது பக்கத்திலிருந்து அடித்து, இடது பாக்கெட்டுக்குப் பந்தைத் தள்ளுகிறார். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை. 9-7 கொடுத்ததில் அவருக்கு நஷ்டமே இல்லை.

ஸ்ட்ரைக்கர்சாமி:
பெரியவர் கெட்டிக்காரர்.

ரேக்புலி:
இருந்தாலும் ரேக்கையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

ஹூஸ்டன்காரன் (2 நாள் கழித்து):
இடது கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் சாக் தடவிக்கொண்டே இருந்தார், அப்புறம் சரி என்றார். முதல் ஆட்டம் 7-4 எனக்கு. இரண்டாவதில் பிரேக்கிலேயே வெள்ளை பாக்கெட்டில் விழுந்தது. மூன்றாவதுக்கு முன்னால் 9-7 இனிமேல் கிடையாது, 8-8 என்றார். அங்கேயே நிறுத்திவிட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி.

மயிலாப்பூர்பாட்:
மகிழ்ச்சி. சைடு கொடுத்தீர்களா?

பழையகியூ:
இங்கிலீஷ்.