ஹெரிட்டபிலிட்டி: ‘மரபுப் பங்கு’ சரிவருமா?

> ஹெரிட்டபிலிட்டி என்ற சொல்லுக்குத் தமிழில் ‘பாரம்பரியத்தன்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே ஐயா. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிக்கல்) கட்டுரைக்கு அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் அம்மா.

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இதைப் படிக்கப்போவது பெற்றோர். “டிஸ்லெக்சியாவின் பாரம்பரியத்தன்மை 60%” என்று போட்டால், பிள்ளையின் சிக்கலில் 60% நாம் கொடுத்தது, மீதி பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொள்வார்கள். 100 பிள்ளைகளில் 60 பேருக்கு வரும் என்பாரும் உண்டு. இரண்டும் தப்பு. வாசிப்புத் திறன் ஆளுக்கு ஆள் ஏறி இறங்குகிறதல்லவா, ஒரு கூட்டத்தில் அந்த ஏற்றஇறக்கத்தில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு போகிறது என்பதே கணக்கு. தனி ஒரு பிள்ளைக்கு இந்த எண்ணே கிடையாது.

இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்ததைப் போல ஒருகரு இரட்டையரையும் (ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்தவர்கள்) இருகரு இரட்டையரையும் (தனித்தனிக் கருமுட்டையில் பிறந்தவர்கள்) ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் 40 முதல் 70% வரை கிடைக்கிறது. 2022-இல் ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, டிஸ்லெக்சியா உண்டு என்ற 51,800 பேரையும் இல்லை என்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் ஒப்பிட்டு, டிஎன்ஏவில் 42 இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் விளைவும் துளிதான். பரவலாகக் காணப்படும் டிஎன்ஏ மாற்றங்களை மட்டும் கூட்டியதால் அங்கே எண் 20%-ஐக்கூடத் தொடவில்லை. ஆக, ஒரே பெயரில் இரண்டு அளவைகள். ‘இரட்டையர்வழி மரபுப் பங்கு’, ‘டிஎன்ஏவழி மரபுப் பங்கு’ என்று பிரித்துச் சொல்லலாம். ‘பாரம்பரியத்தன்மை’யோடு இவற்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

---

> மரபுப் பங்கு

ஐயா, எங்கள் பக்கம் பங்கு என்றால் சொத்துப் பங்குதான்! அது போகட்டும். என் வகுப்பில் ஒரு பையன். ‘கொடி’ என்பதில் கொம்பு, க, கால் மூன்றையும் விரலால் தனித்தனியாகத் தொட்டுவிட்டு, ‘கெ’ என்று நின்றுவிடுவான். அவன் அப்பா, “எனக்கும் இப்படித்தான், ரத்தத்தில் வந்தது, விடுங்க டீச்சர்” என்றார். ‘மரபு’ என்று தொடங்கினாலே இந்த ‘விடுங்க’ வந்துவிடும். ‘வேறுபாடு’ சொல்லுக்குள்ளேயே வரவேண்டும். ‘மரபுசார் வேறுபாட்டு விகிதம்’?

---

‘வேறுபாடு’ வரவேண்டும் என்பதை ஏற்கிறேன். ‘விகிதம்’ வேண்டாம், எதற்கு எது விகிதம் என்ற கேள்வி எழும். முதலில் வரும் இடத்தில் ‘மரபுவழி வேறுபாட்டுப் பங்கு’, அதன்பின் சுருக்கமாக ‘மரபுப் பங்கு’. சரியா?

அந்த அப்பாவுக்காகக் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கிறேன்: கிட்டப்பார்வைக்கும் மரபுப் பங்கு அதிகம்தான், அதற்காக யாரும் கண்ணாடி வாங்காமல் இருப்பதில்லை. அப்புறம், எல்லாருக்கும் ஒரேமாதிரி நல்ல பாடம் கிடைத்தால் சூழலால் வரும் வேறுபாடு குறைந்து இந்த எண் கூடவே செய்யும். மரபணு எதுவும் மாறியிராது. இதை விளக்கத் தனிப் பத்தி வேண்டும்.

‘மரபுரிமை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதைச் சட்டக்காரர்களுக்கே விட்டுவிடலாம். அடுத்து பாலிஜெனிக், அதாவது பல மரபணுக்கள் சேர்ந்து விளைவிப்பது; ‘பன்மரபணு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் கட்டுரை போகும் முன் சொல்லிவிடுங்கள்.