பொம்மைகளை வைத்து எடுத்த வீடியோவில் வெளிச்சம் துடிக்கிறது, உதவுங்கள்

பரண்பொம்மை: வணக்கம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கிய பழைய பொம்மைகளைக் கொண்டு ஒரு வீடியோ படைப்பு செய்துவருகிறேன். ஓட்டிப் பார்த்தால் மூக்குடைந்த செட்டியார் பொம்மையின் முகம் ஒரு கணம் வெளுத்து, மறுகணம் இருண்டுபோகிறது. சனிக்கிழமை காட்சிக்கு வைக்க வேண்டும். என்ன செய்வது?

அடையாறு வாசி: எந்தக் கேமரா, எந்த விளக்கு? தொடர்ந்து ஓடவிட்டு எடுத்தீர்களா, பொம்மையை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தீர்களா?

மின்விசிறி: சந்தேகமே வேண்டாம், மின்சாரம்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை, திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

களிமண்: கொலு பொம்மைக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள், சற்றே திரும்பினாலும் பளபளப்பு இடம் மாறும். முகப் பவுடரை மெல்லத் தடவினால் அடங்கிவிடும்.

மயிலைக்காரி: தயவுசெய்து தடவாதீர்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பரணிலிருந்து இறக்கி ஏற்றிய கைகள் தேய்த்த தேய்மானத்துக்காகத்தானே, புதிய பொம்மையை வாங்காமல் இதைத் தேடி எடுத்தீர்கள்?

களிமண்: படப்பிடிப்பு முடிந்ததும் துடைத்துவிடலாமே.

மயிலைக்காரி: விரிசலுக்குள் இறங்கிய பவுடர் துடைத்தால் போகாது, ஈரத்துணி பட்டால் பழைய வண்ணமும் சேர்ந்து உரியும்.

பரண்பொம்மை: ஒவ்வொரு படமாகத்தான் எடுத்தேன், வீடியோவில் நொடிக்கு 12 படம். டிஎஸ்எல்ஆர் கேமரா, எல்லா அமைப்பும் ஆட்டோவில், கேமராவே முடிவு செய்யும்படி. ஜன்னலோர மேசை.

மூத்த உறுப்பினர்: இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பவுடர் வரை பேச்சு போயிருக்காது, இந்த அடிப்படையை நான் இங்கே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆட்டோவில் விட்டால், உங்கள் கை குறுக்கே வந்து விலகும்போதெல்லாம் கேமரா ஒளியைப் புதிதாகக் கணக்கிடும். ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் எடுத்து முடிப்பதற்குள் ஜன்னல் வெயிலும் நகர்ந்துவிடும். ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நான்கையும் மேனுவலில், அதாவது நீங்களே அமைத்து, நிறுத்துங்கள். ஜன்னலை அடைத்து விளக்கொளியில் மட்டும் எடுங்கள். பிறகும் துடித்தால், லென்ஸின் அப்பர்ச்சர் ஒவ்வொரு முறையும் மயிரிழை வேறுபட்டு மூடுகிறது என்று பொருள். கையால் வளையத்தைத் திருப்பும் பழைய லென்ஸை மாட்டினால் அது ஒரே நிலையில் நிற்கும்.

மின்விசிறி: விளக்கொளி என்றால் நான் சொன்னதும் பொருந்தும். பொம்மை அசையாமல் நிற்பதால் ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தாலும் போதும், ஏற்ற இறக்கம் சமமாகிவிடும்.

பரண்பொம்மை: ஜன்னலை அட்டையால் அடைத்து, மேனுவலில் அரை நொடி வைத்து மறுபடி எடுத்தேன். துடிப்பு நின்றுவிட்டது. செட்டியாருக்குப் பவுடர் போடவில்லை. அனைவருக்கும் நன்றி.